உயிர் தீராத கேசட்

3-5-85 வெள்ளி

அனல் காற்று. வீட்டுக்காரர் மவுத்தானதிலிருந்து, புருஷன் இறந்தவள் இருக்கவேண்டிய இத்தா இருக்கிறேன். ஆண்கள் முகம் பார்க்காமல் உள்ளறையிலேயே. முடிய இன்னும் ஒரு மாதம்.

சவுதியில் அவரோடு ஒரே ரூமில் இருந்தவர் அவர் பையைக் கொண்டுவந்தார். கைலி, அத்தர், டிவியில் மாட்டி விளையாடும் கம்ப்யூட்டர், அதற்கான கேசட்டுகள். திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கடைசியா ஒரு கேசட்ல உங்களுக்குப் பேசி வெச்சாரும்மா. குடுத்தனுப்ப ஆள் பாத்துக்கிட்டிருந்தாரு. அதுக்குள்ள..."

மாமியிடம் பையில் தேடச் சொன்னேன். பேசிய கேசட் இல்லை. எல்லாம் விளையாட்டாம்.

4-5 சனி

காலையில் கரண்ட் இல்லை. மதியம் கொழுந்தன் ஜப்பார் கூடத்தில் கம்ப்யூட்டரை மாட்டினான். லப்பைக்குடிக்காட்டில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க.

ஒரு கேசட்டில் அவர் கையெழுத்தாம்: 'உயிர் தீராது'. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வந்து என்னவென்று கேட்டேன்.

"கள்ள ஆட்டம் அண்ணி. இத மொதல்ல ஏத்திட்டா எவ்வளவு அடி வாங்குனாலும் ஆளு சாவ மாட்டான்."

"அப்ப போட்டுப் பாரு தம்பி."

"எவன் காப்பி பண்ணதோ. செலதுல கெடுதல் வெச்சிருப்பானுங்களாம், பொட்டியே அவிஞ்சிடுமாம். பெரம்பலூர் ரேடியோ கடையில சொன்னாங்க."

டேப்ரிகார்டரில் முன்பக்கத்தை ஓட்டினான். கீயென்று ஒரே அலறல்.

மாமி: "ஷைத்தான் சத்தம்டா! எம்மவன் ஆசையா வாங்குன பொட்டி, ஒண்ணும் ஆயிடக் கூடாது."

நானும் சொன்னேன், ஆபத்தென்றால் வேண்டாம், அழிச்சிடு என்று.

6-5 திங்கள்

மூட்டம். மழை இல்லை. புளி தீர்ந்தது.

ஜப்பார் வேலையை முடித்துவிட்டானாம். "ரெண்டு பக்கமும் பாட்டுப் பதிஞ்சி அழிச்சிட்டேன் அண்ணி. இனிமே கெடுதல் இல்ல. பின்பக்கம்தான் மக்கர். கேசட் மூலையில இருக்குற பிளாஸ்டிக் சில்லு ஒடஞ்சிருந்துச்சு, அதான் பதிய மாட்டேன்னுச்சு. அந்த ஓட்டையில பேப்பர் ஒட்டிப் பதிஞ்சேன்."

எனக்குப் பேசி அனுப்பும் ஒவ்வொரு கேசட்டிலும் அந்தச் சில்லை அவர்தான் ஒடிப்பார், மேலே யாரும் பதிந்துவிடாமல் இருக்க. நான் பெட்டியில் சேர்த்து வைத்திருப்பது எல்லாமே அப்படித்தான்.

மாமியிடம் கேசட்டை வாங்கிப் பின்பக்கத்தைப் போட்டேன். பாட்டு. பாட்டு. பாட்டு. ஒன்று பாதியில் அறுந்தது. நாடா கொஞ்சம் மிச்சம்.

அவர் குரல். "...வேற கேசட் கெடைக்கல, அதான் இதுல. சரி புள்ள, நாடா முடியப் போவுது. மிச்சத்த நேர்ல வந்து சொல்றேன்."

டக்.

7-5 செவ்வாய்

தலைவலி. மாமி கஞ்சி வைத்தார்.

ஜப்பாரிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதாம்.