எல்லா வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்

இன்று காலை எங்கள் கட்டிடத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கரில் வந்ததை வாசலில் நீல டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் மொண்டு உள்ளே வந்து வாயருகே கொண்டுபோனேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் குளோரின் மருந்தும் கலந்த வாடை. குடிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். மாட்டுங்காவில், என் சமையலறைக்குள், தாராவியின் அந்தச் சந்து வந்துவிட்டது. கூடவே நீயும்.

சென்ற மழையில் நீ போனாய். உன் மகள் நினைவு மலர் ஒன்று போடுகிறாள். நானும் எழுத வேண்டுமாம். உன்னைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று பல நாள் தள்ளிப்போட்டேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஒரே தேர்வு எழுதி, ஒரே பயிற்சி முடித்து வந்த சப்-இன்ஸ்பெக்டர்கள் நாம். நீ தாராவியிலேயே பிறந்த திருநெல்வேலிக்காரன். நான் பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் குடியேறிய குமாஸ்தாவின் மகன். தமிழ் தெரியும் என்பதற்காக என்னையும் உன்னோடு தாராவியில் போட்டார்கள். என் தமிழைக் கேட்டுச் சந்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நீ எனக்கு 'மாட்டுங்கா' என்று பெயர் வைத்தாய். கடைசிவரை அதுதான்.

அந்தச் சந்துப் பெண்களில் ஒருத்தி நம்மிடம் ஒரு புகார் சொன்னாள், காவல் நிலையத்தில் அல்ல. காய் வாங்க வந்தவளைப் போல மாட்டுங்கா மார்க்கெட்டில், நம் பக்கம் திரும்பாமலே சொன்னாள். கள்ளச்சாராயம் நிரப்பிய லாரி டியூப்களைக் கொழுந்தன் அவள் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்கிறான். அதே கட்டிலில்தான் குழந்தை தூங்குகிறது. தான் சொன்னதாகத் தெரிந்தால் வீட்டிலும் இடமில்லை, சந்திலும் இடமில்லை என்றாள். சந்தின் கடைசி வீடு, பச்சைக் கதவு.

நேராகப் போய்ச் சோதனை போடலாம் என்றேன் நான். விதிமுறை அப்படித்தான் சொன்னது. நீ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாய். அடுத்த வீட்டிலும் கேட்டாய். விடியுமுன் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்பதால், எந்த வீட்டிலும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. பிள்ளை படிக்கிறானா, மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரித்துக்கொண்டே போனாய். நானும் குடிக்க வேண்டியிருந்தது. காமாலை வந்துவிடுமோ என்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னவே மாட்டுங்கா, தண்ணி எறங்க மாட்டேங்குதோ?” என்று எல்லாருக்கும் கேட்கிறாற்போல் கேட்டாய்.

“சாருக்கு ஃபிரிஜ் தண்ணிதான் ஆவும் போல,” என்றாள் ஒருத்தி. சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பில், போலீஸ் ஏன் வந்திருக்கிறது என்று கேட்க எல்லோரும் மறந்துபோனார்கள்.

பச்சைக் கதவுக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அங்கேயும் ஒரு வாய் குடித்தாய்; குடிக்கிற சாக்கில் கட்டிலடியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாய். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலை உயர்த்தினாய்: “ஏ புள்ள, நடக்குற வழி உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? டிரம்ம உள்ள எடு. இன்னொரு தடவ பாத்தேன், தூக்கி நாலாச் சாக்கடையில எறிஞ்சிருவேன்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டுக்காரி உன்னிடம் அவளுக்காகப் பரிந்து பேசினாள். அதன்பிறகு அவள்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

சில நாள் கழித்து, டியூப்களோடு கொழுந்தன் பெரிய சாலைக்கு வந்தபோதுதான் பிடித்தாய். எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற பேச்சே எழவில்லை. இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்டேன். “சொன்னவ நாளைக்கும் அதே குழாயடியிலதாம்வே நிக்கணும்,” என்றாய்.

பிறகு நான் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். நகரக் காவலைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினேன். ஓய்வுக்குப் பின் நீ செம்பூருக்குக் குடிபோனாய். ஒவ்வொரு கட்டுரையையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே பதில்தான் சொல்வாய்: “அடிக்குறிப்பு நெறையக் கெடக்கு. தண்ணியத்தான் காணும்.” நான் சிரித்து மழுப்புவேன். ஆதாரம் காட்ட முடியாத எதையும் எழுதக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உன் தண்ணீருக்கு என்ன ஆதாரம் காட்டுவது?

உன் காரியத்துக்குத் தாராவியிலிருந்து நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள். நரைத்துவிட்டாள். எனக்குக் காபி கொடுக்கிற சாக்கில் அருகே வந்து, “அவரு என்னத் திட்டுன திட்டு இன்னும் காதுல கெடக்கு, சார். அந்தத் திட்டுலதான் நான் பொழச்சுக் கெடந்தேன்,” என்றாள். டம்ளரை என் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அந்தக் காபி எனக்கு இறங்கவில்லை.

நேற்று காவல் துறையின் ஆலோசனைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புகார்களுக்குப் புதிய ஏற்பாடு செய்கிறார்களாம். தொலைபேசியில் கூப்பிட்டால் போதும், மோட்டார் சைக்கிள் சைரனோடு நேரே வாசலுக்கு வந்துவிடும். சுவர்த் திரையில் வரைபடம் காட்டினார்கள். கூப்பிட்ட வீட்டின்மேல் சிவப்புப் புள்ளி. எல்லோரும் கைதட்டினார்கள். என் கை எழவில்லை. அந்தப் புள்ளிக்குள் ஒருத்தி நிற்பதும், சந்து முழுவதும் அவளைப் பார்ப்பதும்தான் எனக்குத் தெரிந்தது.

பேச எனக்கு எப்போதும் பயம் என்பது உனக்குத் தெரியும். “பயந்தா பயந்துக்கிட்டே சொல்லும்வே,” என்பாய். அப்படியே சொன்னேன். இரண்டு முறை இருமினேன். வேகமாகப் போவது சில புகார்களுக்கு நல்லது, சிலவற்றுக்குச் சுற்றித்தான் போக வேண்டும் என்றேன். தண்ணீர்க் கதையையும் சொன்னேன்.

தலைமை வகித்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். எந்தச் சந்து, எந்தக் குடும்பம்? விவரம் கொடுத்தால் அறிக்கையில் முன்னுதாரணமாகச் சேர்க்கலாம் என்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி அது. விவரம் சொல்லியிருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்கும். அவளைப் போன்ற எத்தனையோ பேருக்கு அது உதவியிருக்கும். ஆனால் சொன்னால் இவள் அந்தத் திரையில் ஒரு புள்ளியாகிவிடுவாள். சொல்ல முடியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் பேச்சு கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. நான் செய்தது சரிதானா என்று இரவெல்லாம் புரண்டேன். கேட்பதற்கு நீ இல்லை.

இந்த மலர் தாராவிக்கும் போகும் என்று உன் மகள் சொன்னாள். படிக்கிறவர்கள் அந்த வீட்டைத் தேட வேண்டாம். கடைசி வீடு என்று எழுதினேன். அது கடைசி வீடு அல்ல. அந்தச் சந்தில் பச்சைக் கதவே கிடையாது. பிடிபட்டவன் கொழுந்தன் அல்ல, நீ திட்டியது டிரம்முக்காகவும் அல்ல. உனக்கு எல்லாம் தெரியும். மற்றவர்கள் அவளைக் கண்டுபிடிக்காமல் இருக்கத்தான், அன்றைக்கு உன்னைப் போல, நானும் வீடு வீடாக நின்று ஒரு வாய் குடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை அடிக்குறிப்பு இல்லை.

காலையில் மொண்ட டிரம் தண்ணீர் மேசையிலேயே இருந்தது. இப்போதுதான் குடித்தேன். இறங்கிவிட்டது.