ஒன்றே முக்கால் கிலோ கிரேன்

பிப்ரவரி 4

காலை முழுவதும் பிரஸ்ஸில் புஸ்வாணப் பெட்டிக்கு டிசைன். மத்தியானம் வேறொரு பெட்டி வந்தது. சாத்தூரில் சின்னதாகப் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருக்கும் பெனிட்டோ கொண்டுவந்தார். என் வயதுதான் இருக்கும். பொம்மைச் செங்கல்களை ஒன்றோடொன்று மாட்டிக் குழந்தைகளே கட்டும் கிரேன். அவருடைய முதல் சரக்கு. பெட்டியின் மேல் ‘இரண்டு கிலோ தூக்கும்!’ என்று பெரிதாகப் போட வேண்டுமாம்.

“தூக்கிப் பாத்தீங்களா?”

“பாத்தேங்க. எங்கம்மா ஹேண்ட்பேக்கைத் தூக்குச்சு.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“அதைக் கேக்குற தைரியம் எனக்கு இல்லைங்க.”

சிரித்துவிட்டேன். பிரஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிப்பது அவ்வளவு பெரிய செய்தியா?

முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. “சரவெடிப் பெட்டியில போட்ட எண்ணிக்கையை எவன் எண்ணிப் பாத்தான்? போட்டு விடும்மா.”

சரவெடி வெடித்ததும் எண்ணிக்கை புகையோடு போய்விடும். கிரேன் மேசையிலேயே நிற்கும். வாங்கிய பிள்ளை அன்றைக்கே இரண்டு கிலோவைத் தொங்கவிட்டுப் பார்க்கும். நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 6

டீ நேரத்தில் சோதனை. எடைக்கு எங்களிடம் இருப்பது லேபிள்தான். ஒரு லேபிள் ஒரு கிராம். கட்டுக்கு நூறு லேபிள். ஆக, கட்டு நூறு கிராம். கணக்கு என்னுடையது. கொக்கியில் பையை மாட்டி, கட்டு கட்டாகப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினோம்.

முதலில் கிரேனின் பின்பக்கம் எழும்பியது. பெனிட்டோ அங்கே செங்கல்களை அடுக்கிக் கனம் ஏற்றினார். அடுத்து, நீட்டிய கை வளையத் தொடங்கியது.

“ஏ தம்பி, ஒங்க கிரேனுக்கு மூச்சு வாங்குது. ஒரு சோடா ஒடைச்சு ஊத்துங்க” என்றார் லேபிள் எண்ணிக் கட்டும் ராமுத்தாய் அக்கா.

பதினாறு கட்டு வரை தாங்கியது. பதினேழாவதைப் போட்டதும் நூல் சுற்றும் சக்கரத்தின் அச்சு கழன்று பறந்தது. அவர் கொண்டுவந்த மற்ற இரண்டு கிரேன்களிலும் பதினேழாவது கட்டுக்கு அதே அச்சு கழன்றது.

“ஒண்ணு புள்ளி ஆறு கிலோ. அதுக்கு மேல போட முடியாதுங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெனிட்டோ குனிந்து அச்சைத் தேடிக்கொண்டே சொன்னார்: “மொத்தமாச் சரக்கு எடுக்கிற மதுரைக்காரர் கடையில இருக்கிற இன்னொரு கிரேன் ஒண்ணரை தூக்குதுங்க. கால் கிலோவாவது கூடத் தூக்கினாத்தான் என் சரக்கை எடுப்பேன்னுட்டாரு. எடுக்கலைன்னா கம்பெனியை மூடிட்டு, எங்கப்பா சொல்ற மாதிரி ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில வேலை கேக்கணும்.”



பிப்ரவரி 7

அவர் வரவில்லை. போனும் இல்லை.

பிப்ரவரி 8

அண்ணாச்சி: “வந்த ஆர்டரைத் தெருமுக்கு வரைக்கும் கொண்டுபோயி விட்டுட்டு வந்த ஒரே ஆளு நீதாம்மா.”

நான் என்ன பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன். பின்ன ஏன் மனசு இப்படி அடிச்சுக்குது — எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாமோ? நாவலில் இப்படி ஒருத்தி வந்தால் எனக்கே பிடிக்காது.

பிப்ரவரி 10

ராமுத்தாய் அக்கா கட்டைக் கட்டுமுன் மேலே கொஞ்சம் லேபிள் சேர்த்து வைத்ததைப் பார்த்தேன். மூன்று வருடமாகத் தினமும் பார்ப்பதுதான். ஒட்டும்போது சில கிழியும், சில கறைபடும். அதற்காக எங்கள் பிரஸ்ஸில் நூற்றுக்குப் பத்து கூட வைத்துத்தான் கட்டுவார்கள். வேலைச் சீட்டில் அதை எழுதுவதே நான்! சோதனையன்று மட்டும் நூறு என்றால் நூறு என்று நம்பியிருக்கிறேன்.

பதினாறு கட்டுகளையும் தூக்கிக்கொண்டு எதிரே மளிகைக் கடைக்கு ஓடினேன். தராசு ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது.

“சாமான் வாங்க வந்தீகளா, பேப்பர் விக்க வந்தீகளா?” என்றார் கடைக்காரர்.

நானாக யாருக்கும் போன் செய்யும் பழக்கமில்லை. பெனிட்டோவுக்குச் செய்தேன். கணக்கில் தப்பு, கட்டுக்கு நூறு இல்லை, நூற்றுப் பத்து லேபிள், தப்பு என்னுடையது என்றேன்.

“அப்ப, உங்க உண்மையிலயும் நூத்துக்குப் பத்து வேஸ்டேஜா?”

“ஆமா. ஆனா ரெண்டு கிலோ வராது, பாத்துக்கோங்க.”

“ரெண்டை யாருங்க கேட்டா? முக்கால் போதும்ங்க, முக்கால் போதும்!”

பிப்ரவரி 13

கடைக்காரரின் படிக்கற்களைக் கடன் வாங்கி மறுபடி சோதனை. மூன்று கிரேனும் ஒன்றே முக்கால் தூக்கின. ராமுத்தாய் அக்கா விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது இன்றுதான் தெரியும்.

பெட்டிக்கு நான் எழுதிய வரி: ‘நாங்கள் ஒன்றே முக்கால் கிலோ தூக்கினோம். நீ?’

“கேள்வி கேக்குற பெட்டியை இப்பத்தான் பாக்கேன்” என்றார் அண்ணாச்சி. ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

மதுரைக்காரர் முதல் லோடை எடுத்துக்கொண்டார். கடையிலேயே ஒன்றைக் கட்டி, சர்க்கரைப் பொட்டலங்களைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்தாராம். அதுவல்லவோ மனுஷன்!

ஏப்ரல் 5

வெம்பக்கோட்டையிலிருந்து ரோஜா என்ற சிறுமி கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறாள். சக்கரத்தின் அச்சு கழலாமல் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அடைத்து, இரண்டே கால் கிலோ தூக்கிவிட்டாளாம். “பெட்டியில எம்பேரைப் போடுவீகளா?” என்று கேட்டாளாம்.

நேரில் பார்க்காமல் எப்படிப் போடுவது? நாளை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பெனிட்டோவும் நானும் போய் நிறுத்துப் பார்க்கிறோம். அம்மாவிடம் வேலை விஷயம் என்றுதான் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை என்ன வேலை?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, அந்தப் பையன் இங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும் என்றாள்.

இப்போது அடுப்படியிலிருந்து கேட்கிறாள், அவன் எத்தனை இட்லி சாப்பிடுவான் என்று. தெரியாது என்றேன். நாளைக்குத் தெரிந்துவிடும்.