பெட்டி மேல் எலுமிச்சம்பழம்

மாப்ள,

இன்று காலை என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பேச்சு முடிந்து அவர்கள் வண்டியேறிப் போன பிறகும் பழம் கையில்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். எழுமலைப் பள்ளிக்கூடமும், கயிற்றில் கட்டிய ஜமுக்காளமும், வேர்த்து வழிந்த உன் முகமும் ஒன்றாக வந்து நின்றன. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எனக்கு எப்போதுமே தைரியம் தாமதமாகத்தான் வரும், உனக்குத் தெரியாததா.

ஜில்லா போர்டு மெம்பர் பாதியில் இறந்துபோய் நம் பக்கம் இடைத்தேர்தல் வந்ததே, அந்த ஆடி மாதம். தீர்வை கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு என்றிருந்த காலம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். சிவப்புப் பெட்டி என் மாமனாரின் அண்ணனுக்கு. பெண் எடுத்த இடம், தட்ட முடியாமல் அவருக்கு ஏஜெண்டாகப் போனேன். பச்சைப் பெட்டி உசிலம்பட்டி வக்கீலுக்கு. அவருக்கு நீ ஏஜெண்ட்.

நீ எதற்காகப் போனாய் என்பது ஊருக்கே தெரியும். முந்தின ஐப்பசியில் என் தங்கையைப் பிரசவ வலியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாய். ஓடையில் வெள்ளம். வடியட்டும் வடியட்டும் என்று பகல் முழுக்க இக்கரையிலேயே நின்றீர்கள். தங்கை பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு உன் வாயில் பாலம் என்பதைத் தவிர வேறு பேச்சே வரவில்லை. என்னிடம் சொன்னாய்: "யாரு கட்டுனா என்ன மச்சான். கட்டுறேன்னு வாயத் தொறந்து சொன்னது இந்த வக்கீலு ஒருத்தருதான்."

என் அப்பா மருமகனுக்காகப் பச்சை, நான் சிவப்பு. அம்மாவுக்கு ஓட்டில்லை. சோறு இருந்தது, அதை இரண்டு கட்சிக்கும் ஒரே அளவாகப் போட்டாள். "பச்சைக்குக் கொஞ்சம் கூட வைங்க அத்தே" என்று நீ கேட்பாய். சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டோம்.

ஓட்டுப்போடும் நாளில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. வகுப்பறை மூலையில் ஜமுக்காளத்தை மறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய், வேண்டிய பெட்டியின் துவாரத்தில் போட்டுவிட்டு வர வேண்டும். காலையில் காற்றுக்கு முடிச்சு அவிழ்ந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த ஆபீசர் என்னைக் கட்டச் சொன்னார். உள்ளே போனேன்.

பச்சைப் பெட்டியின் தலையில் சீட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே பாரமாக ஓர் எலுமிச்சம்பழம். முதலில் சிரிப்பு வந்தது. நம் சனங்கள் பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போவார்களா? கொண்டுபோனதை அவர் வாயிலா திணிப்பார்கள்? மரியாதையாக முன்னால் வைத்துவிட்டு வருவார்கள். பெட்டியையே வக்கீலாக நினைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் எண்ணினேன். நாலு சீட்டு. பிறகு முடிச்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"சரியா இருக்கா?" என்று ஆபீசர் கேட்டார். "சரிங்கய்யா" என்றேன்.

மத்தியானம் மறுபடியும் முடிச்சு அவிழ்ந்தது. இந்த முறை நீ எழுந்து போனாய். வெளியே வர நேரமானது. நாலு சீட்டையும் பார்த்துவிட்டாய் என்றே நினைத்தேன். நீ வந்து ஆபீசரிடம் சொன்னது வேறு.

"ஐயா, செவப்புப் பெட்டி மேல ஏழு சீட்டு கெடக்கு. பழத்தப் பாரமா வச்சிருக்காக. இப்பப் போன மலையடிவாரத்து ஆளுகளாத்தான் இருக்கும். கெணத்தடியில தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காக. கூப்புடட்டுமா?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். "அது உன் பெட்டி இல்லையேப்பா?"

"ஓட்டு அவுகளுதுங்கய்யா."

ஏழு பேரும் வந்தார்கள். ஆபீசர் பழத்தைக் காட்டிக் கேட்டதற்கு, அதில் மூத்தவர் "வெறுங்கையோடயா வாறது?" என்று திருப்பிக் கேட்டார். எப்படிப் போட வேண்டும் என்று துவாரத்தை நீதான் காட்டினாய். அவர் போட்டுவிட்டுப் பெட்டியைக் கும்பிட்டார். அந்த நேரமாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பச்சைக்குப் போட்ட நாலு பேரும் இந்நேரம் காட்டுக்குப் போயிருப்பார்கள், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் பெட்டிகளைத் தூக்கியபோது சுவரோரம் நாலு சீட்டும் ஒரு பழமும் கிடந்தன. மத்தியானத்துக்கு முன்பே காற்று அவற்றைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது. எந்தப் பெட்டிக்கு உரியவை என்று யாருக்குத் தெரியும்? செல்லாது என்று ஆபீசர் தனி உறையில் போட்டார். நீ சீட்டுகளைப் பார்த்தாய், காலையில் நான் கட்டிய ஜமுக்காளத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "வாரேன் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

சிவப்பு மூன்று ஓட்டில் ஜெயித்தது. உன் கட்சிக்காரர்கள் உன்னைப் பேசாத பேச்சில்லை. ஏழு ஓட்டை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்த கூறுகெட்டவன் என்றார்கள். நீ மறுநாள் வழக்கம்போல ஏர் பூட்டினாய். நான் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் போனேன். அந்த மாலை கழுத்தை அறுத்தது மாப்ள. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என் கூடப்பிறந்தவள்.

அதற்கப்புறம் மெம்பரை நான் விடவில்லை. மதுரைக்குப் போனால் மதுரை, திருப்பரங்குன்றத்துக்குச் சாமி கும்பிடப் போனால் அங்கே. "நீ என்னய ஜெயிக்க வச்சியா, உசுர வாங்க வந்தியா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். மூன்றாம் வருஷம் ஓடைக்குப் பாலம் வந்தது.

முதல் நாள் உன் வண்டியில்தான் போனோம். தங்கை மடியில் அதற்கப்புறம் பிறந்த பையன். பாலத்தின் நடுவில் மாட்டை நிறுத்தினாய். கீழே ஓடுகிற செந்தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "நாலு சீட்டுக்கு இம்புட்டுப் பெரிய பாலமா மச்சான்."

"என்ன சீட்டு?" என்று தங்கை கேட்டாள்.

"அது காத்துல போன சீட்டுத்தான்" என்று மாட்டைத் தட்டினாய். அன்றோடு சரி. சாகும்வரை அதை நீ எடுக்கவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். உன் பெருந்தன்மையைத் தாங்குவது லேசான காரியமாக இல்லை. ஆமாம் மாப்ள, பார்த்தேன். எண்ணிக்கூடப் பார்த்தேன்.

காலையில் வந்தவர்களில் பெரியவர், பெண்ணைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். உள்ளேயிருந்து என் மனைவி இருமினாள். தரகர் என் காலை மிதித்தார். மகளுக்கு இடது காது கேட்காது என்று சொன்னேன். பெரியவர் தலையாட்டினார், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். மனைவி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள், இன்று எனக்குச் சோறு கிடைப்பது சந்தேகம். சம்மதம் வருமோ வராதோ தெரியவில்லை. பழத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன், மாப்ள.