எந்தக் கரை?

செவ்வாய், இரவு.

எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் செலவைப் பகிர்ந்து, இரு முனையிலிருந்தும் போட்டுவந்த ஆற்றோர நடைபாதை இன்று நடுவில் சேர வேண்டும். தூரம் காட்டும் பீங்கான் கற்களோடு எங்கள் பாதை வடகரையில் முடிந்தது. அவர்களுடையது எதிரே, தென்கரையில் நின்றது.

"நீந்தித்தான் வரணுங்களா?" என்று அவர்கள் ஊராட்சித் தலைவி அக்கரையிலிருந்து கத்தினார்.

பாதை சேராவிட்டால் அரசு தரும் மீதி நிதி வராது. எங்கள் தலைவர், பாதை போட்ட எங்கள் பெண் பொறியாளரைத் திட்டினார்.

"ஒப்பந்தத்துல கரை பேரே இல்லீங்க சார்" என்றாள்.

ஒப்பந்தத்தை எழுதியவன் நான். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தம் பேசிய கூட்டத்தின் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஓரத்தில் என் பென்சில் எழுத்து: 'எந்தக் கரை? கேட்கவும்.' அன்று எல்லோரும் டீக்கு எழுந்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

நாளை அந்தப் பொறியாளருக்கு நோட்டீஸ் தரப்போகிறார்களாம். காலையில் இந்தக் குறிப்பேட்டோடு போய் நிற்பேன்.

நிற்பேனா?