பெரியம்மா உட்கார்ந்த இடங்கள்

மார்ச் 4

பெரியம்மா இன்றும் தப்பாக உட்கார்ந்தாள். ரயில் நிலையத்தில், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பையின் முன்னால். மோப்ப நாய் உட்கார்ந்தால் வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தம். நிலையம் மொத்தத்தையும் காலி செய்தோம். பைக்குள் ஈரத் துண்டும் சோப்புப் பெட்டியும். போன வாரமும் இதே கதைதான்.

எல்லாரையும் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்கிற மாதிரி பார்ப்பதால் எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கு அந்தப் பெயர். இன்று என்னை அப்படிப் பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டு, சரியா என்று கேட்பதுபோல் பார்த்தாள்.

மார்ச் 6

போன மாதம் சந்தையில் ஒரு மூட்டைக்குள் குண்டு வெடித்ததில் என் கூட்டாளிக்கு வலது கை போனது. அவன் நாய் முகர்ந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நகர்ந்த மூட்டை அது. அன்றிலிருந்து பை என்றாலே எனக்குப் பயம். இன்று மகளின் பள்ளிக்கூடப் பையைக் காலால் தள்ளிப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கணக்குப் புஸ்தகம் வெடிக்குமா?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7

தூக்கம் இல்லை.

மார்ச் 9

"திங்கக்கிழமை பெரியம்மாவுக்கு டெஸ்ட். தேறலன்னா வேலையிலருந்து எடுத்துருவாங்க" என்றார் பயிற்சியாளர். எடுத்தால் வேறு ஊர்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். குட்டியிலிருந்து வளர்த்தவன் நான். அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன்? அவள் மூக்கு கெட்டுப்போயிருந்தால், அவளோடுதான் என்ன செய்வேன்?

மார்ச் 12

வரிசையாக மரப்பெட்டிகள். பயிற்சியாளர் என் காதோடு சொன்னார்: "நாலாவதுல வச்சிருக்கேன்." கூட்டிப்போனேன். நாலாவதில் கச்சிதமாக உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். எல்லாமே காலி.

"அவ மூக்குக்கு ஒண்ணுமில்லப்பா. நாலாவதுகிட்ட நீ மூச்சைப் பிடிச்ச, கயிறு இறுகுச்சு. அவ உன்னை மோந்து பாத்து உக்காந்துட்டா."

பிறகு ஒரு பெட்டியில் நிஜமாகவே வெடிமருந்தை வைத்தார். எதில் என்று சொல்லாமல், புதிதாக வந்திருக்கும் காவலர் பெண்ணிடம் கயிற்றைக் கொடுத்தார். பெரியம்மா சரியாக உட்கார்ந்தாள்.

மார்ச் 13

அப்ப நான்தானா? இத்தனை நாளும் நான்தானா?

இதுவரைக்கும் சும்மா கிடந்த பைதான். நாளைக்கு நிஜமானது ஒண்ணு இருந்து, பயத்துல நான் அவளை இழுத்துக்கிட்டுத் தாண்டிப் போயிட்டா? குண்டு வெடிச்சு அவ போயிடுவா. அங்க நிக்கிற ஜனங்க — ஐயோ, நினைக்கவே முடியல.

"நான் மேலதிகாரிக்கு எதுவும் எழுதல, நீயே முடிவு பண்ணு" என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் என்னோடேயே இருப்பாள். மனைவியிடம் சொன்னேன். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா தாங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 14

அந்தக் காவலர் பெண்ணிடம் பெரியம்மாவின் கயிற்றைக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 29

நீதிமன்றத்துக்கு வெடிகுண்டு மிரட்டல். எனக்கு வாசலில் கூட்டத்தை விலக்குகிற வேலை. அந்தப் பெண்ணும் பெரியம்மாவும் உள்ளே போனார்கள். கயிறு என் கையில் இருந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. யாரோ ஒரு வக்கீல், "சார், என் கோட்டு உள்ள மாட்டிக்கிச்சு" என்று மல்லுக்கு நின்றார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்றே தெரியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தாளாம். நிஜ குண்டு. செயலிழக்கச் செய்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே வந்த பெரியம்மா என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினாள். ஓடி வருவாள் என்று குனிந்து கையை நீட்டினேன். அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். "போ" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தாள்.