எந்த எட்டு மணி

மார்ச் 28, வியாழன்
எங்கள் மதாரேச் சேரியில் மழை விட்டபாடில்லை. சந்து முழுக்கச் சேறு. தங்கை கெருபோவுக்கு முகம் உப்பிக் கிடக்கிறது, தலைவலி வேறு. ஏழாம் மாதத்தில் இப்படி உப்பலாமா? அவளிடம் போன் இல்லை, ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். போனில் தானாக வந்த கேள்விகளுக்கெல்லாம் எண்ணை அழுத்திப் பதில் சொன்னேன். நல்ல சுவாஹிலியில் செய்தி வந்தது: "செவ்வாய் 8 மணிக்கு டாக்டரைப் பாருங்கள்." கால்கடுக்க வரிசையில் நிற்காமலே கிடைத்துவிட்டது.
"உன் போனுக்குத் திருஷ்டி சுத்திப் போடுக்கா," என்றாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்
மதியம் உகாலிக் களி சாப்பிட்டுவிட்டு, நேரத்துக்கு முன்னாலேயே போனோம். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை.
"டாக்டர் காலையிலேயே பாத்துட்டுக் கிளம்பிட்டாரும்மா. வாரத்துல ஒரு நாள்தான். அடுத்த செவ்வாய்க்குப் பேரை எழுதி வைக்கிறேன், வாங்க."
செய்தியைக் காட்டினேன். "அது வெள்ளைக்காரன் எட்டும்மா," என்று சிரித்தான்.
நாங்கள் விடியலிலிருந்து மணி எண்ணுகிறவர்கள். காலை எட்டு எங்களுக்கு இரண்டு மணி. எட்டு என்றால் உச்சி சாய்ந்த பிறகு. செய்தியின் பாஷையை மாற்றியவனுக்கு மணியை மாற்றத் தோன்றவில்லையா?
திரும்பும்போது, "கண்ணு மங்குதுக்கா," என்றாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். செவ்வாய் வரைக்கும் பொறுத்துக்கடி என்றேன். நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 6, சனி
வலிப்பு. கைவண்டியில்தான் ஏற்றினோம் — சேற்றில் சக்கரம் நகரவே இல்லை —
பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண். உயிர் இருக்கிறது.
கெருபோ போயிட்டா.

ஏப்ரல் 9, செவ்வாய்
செய்தி வந்தது: "இன்று நீங்கள் வரவில்லை. வேறு நேரம் வேண்டுமானால் 1, வேண்டாமென்றால் 2 அழுத்துங்கள்."
அவ செத்துட்டான்னு சொல்ல எந்த நம்பர்டா?
போனை அடுப்பில் போடக் கை ஓங்கினேன். பிள்ளையை வைத்திருக்கும் வார்டிலிருந்து இதில்தான் கூப்பிடுவார்கள். சார்ஜ் போட்டு வைத்தேன்.

மே 13, திங்கள்
பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. பால் புகட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மும்புவா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து தன் போனை நீட்டினாள். அதே செய்தி. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சொல்லியாயிற்று, இன்னும் மாற்றவில்லை.
"நாளைக்கு எட்டு மணிக்காம். சமைச்சு வச்சுட்டு மெதுவாப் போறேன்க்கா."
"சமைக்காத," என்றேன். "விடிஞ்சு ரெண்டு மணிக்கே போய் நில்லு."