நீ வேண்டாமென்ற மருந்து

அன்புள்ள கப்பல்காரிக்கு,

நானும் வாலுவும் நலம். நீயும் உன் என்ஜின் அறையும் நலம்தானே? இந்தக் கடிதம் எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருமோ, தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். பதறாமல் படி.

போன வாரம் அவளுக்குக் காதுவலி, கூடவே காய்ச்சல். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிப்போனதை அப்படியே ஒப்பித்தேன். பென்சிலின் வகை மட்டும் இவளுக்கு ஆகாது, கைக்குழந்தையில் உடம்பெல்லாம் சிவந்துவிட்டது என்று.

அவர் விடவில்லை. கேள்விமேல் கேள்வி, வக்கீல் தோற்றார், போ. அரித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு இரைத்ததா? எதுவுமில்லை. மருந்து தொடங்கிச் சில நாள் கழித்துச் சிவப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். வெறும் சளிக்காய்ச்சலிலேயே அப்படி வருமாம். தினம் ஒரே வேளை கொடுக்கிற சிரப் இருக்கிறதே, தையல் கடையை வைத்துக்கொண்டு எனக்கு அதுதானே வசதி என்று கேட்டுப் பார்த்தேன். வசதிதான், ஆனால் காதுக் கிருமிகள் பல அதற்கு மசிவதில்லையாம். இன்னொரு மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆனால் அது வேண்டாத இடத்திலும் போய் அடித்து வயிற்றைக் கெடுக்கும், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன் என்றார். நீ வேண்டாமென்றதுதான் இவளுக்கு ஏற்றதாம். முதல் வேளையை இங்கேயே கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

உன்னைக் கேட்க வழியில்லை. சரி என்றேன். அங்கேயே அவளை மடியில் வைத்துக்கொண்டு நொடிக்கொரு தரம் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அவளுக்கோ கூச்சம். காதைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு அழாத குறை.

ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. பின்னால் வந்தாலும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதால் இன்னும் காலையில் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். வாலுவே இப்போது வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பகல் வேளை மருந்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் பாலர் பள்ளிக்கு ஓடுகிறேன். பொத்தானுக்குக் காஜா எடுக்காத சட்டைகள் கிடக்கின்றன. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உன் பேச்சை மீறினேன். உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் பதில் கடிதத்தில் திட்டாதே, எனக்கு உறைக்காது. நேரில் வந்து ஆசை தீரத் திட்டு. எத்தனை நாளானாலும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்